சேறு படாத பூட்ஸ்

ஒருமுறை பார்த்தால் தீர்ந்துபோகும். பின்னோக்கியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். கடந்துபோன எந்தக் கணத்தையும் அந்தக் கருவிக்குள் உட்கார்ந்து, நேரில் நிற்பதுபோலப் பார்க்கலாம். ஆனால் ஓர் இடத்தில் நின்று ஒரு கணத்தை ஒரே ஒருவர்தான், ஒரே ஒருமுறைதான் பார்க்க முடியும். அடுத்து யார் போனாலும் அங்கே வெள்ளை மூட்டம்தான் இருக்கும். சத்தம் கேட்காது. படம் பிடித்து வைக்கவும் முடியாது. காட்சி பார்ப்பவரின் கண் நரம்பில் விழுந்து அங்கேயே முடிந்துவிடும். உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் முப்பது வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் வந்து நின்ற இடம் நம் ஊர்ப் பஞ்சாயத்துத்தான்: ஒரு மனிதர் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, 'நான் பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அங்கயற்கண்ணி அப்படிக் கையெழுத்துப் போடுகிறவள். உசிலம்பட்டிப் பக்கம் பதினான்கு வருஷம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தாள். அதில் ஆறு தேர்தலுக்கு வாக்குச்சாவடி வேலை பார்த்தாள். பிறகு சாட்சித் தேர்வு எழுதிச் சென்னைத் தரமணி அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். வயது நாற்பத்தாறு. பார்த்ததை எழுதுவாள், பார்க்காததை எழுத மாட்டாள். இந்த ஒரு குணத்தால் அவளுக்குச் சிநேகிதர்கள் குறைவு, வேலை அதிகம்.

அந்த வருஷம், 2076-இல், அமெரிக்காவுக்கு முந்நூறு வயது நிறைந்தது. பிறந்தநாளுக்குள் வீட்டுப் பழஞ்சண்டை ஒன்றைத் தீர்த்துவிடலாம் என்று அவர்கள் நினைத்தார்கள். சண்டைக்கே இருநூறு வயது. 1876-இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் மூன்று தென்மாநிலங்களிலிருந்து, ஒன்றுக்கொன்று முரணாக, இரட்டை முடிவுகள் தலைநகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்னொரு உள்நாட்டுப் போர் வந்துவிடுமோ என்று நாடே நடுங்கியது. நான்கு மாதம் இழுபறியாகிக் கடைசியில், மாநிலங்கள் சார்பில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஒருவர் பதவியேற்றார். திருடிய நாற்காலி என்று எதிர்த்தரப்பு சாகும்வரை சொன்னது. அடிமைத்தளை நீங்கிப் பத்துப் பதினொரு வருஷமே ஆகியிருந்த கறுப்பின மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போட்ட ஓட்டுகள் எங்கே போயின என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

இப்போது பின்னோக்கி வந்துவிட்டதே, எண்ணிப் பார்த்துவிடலாம் என்றார்கள். யார் எண்ணுவது என்பதில் மறுபடி சண்டை வந்தது. ஒரு கட்சிக்காரர் கண்ணை இன்னொரு கட்சிக்காரர் நம்பவில்லை. எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் ரத்த சம்பந்தம் உள்ளவர் சாட்சியாகக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தத் தேர்தலில் மாமன் மச்சான் யாருமே இல்லாத ஊராகத் தேடித் தேடி, வேலை சென்னைக்கு வந்தது.

தரமணி ஆட்களுக்கு அந்தக் கட்சிப் பெயர்கள் நாக்கில் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் அரசாங்கம் ஓட்டுச்சீட்டு அச்சடிப்பதில்லை. கட்சிகளே அச்சடித்துக் கையில் கொடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சீட்டின் தலையில் ஒரு படம், அதன் கீழே வேட்பாளர் பெயர்கள். வாங்கி மடித்துப் பெட்டியில் போட வேண்டியதுதான். அவர்கள் பார்த்த சீட்டுகளில் ஒரு கட்சிக்குக் கழுகு, இன்னொன்றுக்குக் கப்பல். சின்னம் பார்த்தே ஓட்டுப் போட்டுப் பழகிய நாடல்லவா நம்முடையது? முதல் நாளே அலுவலகத்தில் கழுகு, கப்பல் என்று பெயர் வைத்தாகிவிட்டது.

ஃபுளோரிடாவில் பெல்ஹாம் என்ற சின்ன வட்டத்தின் கடைசிச் சாவடி அங்கயற்கண்ணிக்கு விழுந்தது. மற்ற எல்லாச் சாவடிகளையும் மற்ற சாட்சிகள் எண்ணி முடித்திருந்தார்கள். ஃபுளோரிடாவின் மொத்தக் கணக்கில் கப்பல் ஒன்பது ஓட்டு முன்னிலை; அந்த மாநிலம் யாருக்கோ, நாற்காலியும் அவருக்கே. இந்த ஒரு பெட்டிதான் பாக்கி. ஒரு பகல் முழுவதையும் நான்கு நாள் அமர்வாகப் பிரித்து, மளிகைக் கடைக்குள் வைத்திருந்த அந்தப் பெட்டியை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். ஐந்தாம் நாள் அறிக்கை கொடுத்தாள். அதில்தான் வந்தது வினை.

"அக்கா, ஃபாரத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு" என்றான் சேவியர். அவன் மேற்பார்வையாளன், அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், தூத்துக்குடிக்காரன். "கழுகு எத்தனை, கப்பல் எத்தனை, அம்புட்டுதான். நீங்க ஸ்கேல் வெச்சு மூணாவதா ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்கீங்க."

"மூணு விதமா சீட்டு இருந்துச்சு தம்பி. அப்ப மூணு கட்டம் வேணும்ல."

மூன்றாவது கட்டத்தில் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தாள். தலையில் கழுகுப் படம், கீழே கப்பல்காரர்களின் பெயர்கள். பழைய நீலப் பட்டாளக் கோட்டுப் போட்ட ஒருவர், முப்பது பேரை வரிசையாகக் கூட்டி வந்தார். உள்ளே வரும்போது ஒவ்வொருவரும் படத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பெட்டியில் போட்டார்கள். சாயங்காலம் பெட்டியைத் திறந்த எழுத்தர் படத்தைப் பார்க்கவே இல்லை. பெயரைப் படித்துக் கப்பல் கணக்கில் சேர்த்தார். பெயர்படி போனால் கப்பல் பெரிய வித்தியாசத்தில் வெல்லும். படத்தின்படி போனால் கழுகு பத்தே ஓட்டில் வெல்லும்.

இதைத் தீர்க்க விசாரணைக் குழுவின் வழக்கறிஞர் நேரிலேயே தரமணிக்கு வந்திருந்தார். மிஸஸ் ஹாலோவே. அறுபது வயது, இறுக்கி முடிந்த நரைத்தலை, குடிக்காமல் ஆறவிட்ட டீ. கழுத்தில் தொங்கிய மொழிபெயர்ப்புப் பெட்டி அவர் பேசுவதை வானொலிச் செய்தி வாசிப்பதுபோலத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தது.

"கூட்டத்தின் தலைவருக்குத் தெரிந்தே சீட்டுகள் வழங்கப்பட்டிருந்தால் அவை பெயர்படி செல்லும். தலைவரும் ஏமாற்றப்பட்டிருந்தால் அவை படத்தின்படி செல்லும். இதுவே விதி" என்றது பெட்டி. "அந்தத் தலைவரின் பெயர் டைட்டஸ் ரெம்பர்ட். அவருடைய தேவாலயத்தின் பதிவேட்டில் ஒரு வரி உள்ளது. 'ஓடைக்கரையில் டைட்டஸ் கொடுத்த சீட்டு. டைட்டஸ் எங்களை விற்றான்.' அவரது கல்லறை தேவாலயச் சுவருக்கு வெளியே உள்ளது. இருநூறு ஆண்டுகளாக."

"ஊர் சொன்னா ஆச்சாம்மா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?" என்றாள் அங்கயற்கண்ணி.

"தங்கள் அறிக்கையிலும் ஒரு வரி உள்ளது" என்றார் ஹாலோவே. காகிதத்தைத் திருப்பி வைத்தார்.

அங்கயற்கண்ணிக்கு அது எந்த வரி என்று தெரியும். 'முப்பது பேர் காலிலும் முழங்கால்வரை சேறு. தலைவரின் பூட்ஸில் மட்டும் சேறு இல்லை.'

"ஏழு மைல் சேற்றுப் பாதை. முப்பது பேர் நடந்து வந்துள்ளனர். இவர் நடக்கவில்லை. எவரோ இவரை வண்டியில் ஏற்றி வந்துள்ளார். எதற்காக?"

அங்கயற்கண்ணி அந்த வரியை மறுபடி படித்தாள். கண்ணில் பட்டது, எழுதினாள். அந்த மனிதரின் கழுத்தில் அந்த வரியே கயிறாக விழும் என்று அவள் நினைக்கவில்லை. அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். தன் சீட்டைப் போட்ட பிறகும் கடைசி ஆள் போடும்வரை கதவருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். விற்றவரின் முகமாக அது அவளுக்குப் படவில்லை. ஆனால் படவில்லை என்பதைச் சாட்சியாக எழுத முடியாதே.

"கூடுதலா ஒரு அமர்வு சட்டத்துல இருக்குல்ல?" என்றாள்.

"இருபது நிமிஷம். ஒரே தடவை" என்றான் சேவியர். "தொடங்கிட்டா கடிகாரம் நிக்காதுக்கா, நடுவுல எந்திரிச்சு வந்தாலும்."

"ஓடைக்கரைக்குப் போறேன். சீட்டுக் கை மாறுன இடம் அதுதானே."

மிஸஸ் ஹாலோவே ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டார்.

அங்கயற்கண்ணி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். 1876, நவம்பர் ஏழு, விடிந்து ஒரு நாழிகை. ஓடைக்கரை. கண்ணைத் திறந்தாள். வெள்ளை. சுற்றிலும் பால் கொதித்து ஆவி எழுந்தாற்போல வெள்ளை மூட்டம். பத்து நிமிஷம் முன்னால் போய்ப் பார்த்தாள், பத்து நிமிஷம் பின்னால் போய்ப் பார்த்தாள். அதே வெள்ளை. கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"மூட்டம்" என்றாள்.

"மெஷின்ல ஏதாச்சும் கோளாறா இருக்கும்க்கா."

"மூட்டம் தானா வராது தம்பி. யாரோ ஏற்கெனவே பாத்துட்டாங்க."

சேவியர் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் பதினாறு நிமிஷம். மிஸஸ் ஹாலோவே ஆங்கிலத்தில் மிகத் தணிந்த குரலில் இரண்டு சொல் சொன்னார். பெட்டி அதை அதே செய்தி வாசிப்புக் குரலில் சொன்னது.

"நான் பார்த்தேன்."

சேவியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

"நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. இக்கருவி பல்கலைக்கழகச் சோதனையில் இருந்தபோது. டைட்டஸ் ரெம்பர்ட் என் தாய்வழி முன்னோர். என் தாய் அவர் பெயரை வீட்டில் உச்சரிக்க விட்டதில்லை. ஒரே ஒருமுறை அவரைப் பார்க்க விரும்பினேன். பார்த்தால் அழியும் என்று அறிவேன். அதுவே சாட்சியாக வேண்டிய கணம் என்று அன்று அறியவில்லை. இந்தக் கணக்கெடுப்பு அதன் பிறகே அறிவிக்கப்பட்டது."

அங்கயற்கண்ணிக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம், உச்சந்தலைவரை ஏறியது.

"கண்ணாலேயே தின்னுட்டு வந்து நிக்கிறீங்களேம்மா" என்றாள். "அந்த மனுசனைக் காப்பாத்தற ஒரே காட்சி. நீங்க சொன்னா செல்லாது. நீங்க ரத்த சொந்தம். வேற ஆளு பாக்கவும் முடியாது. போதாததுக்கு இங்க உக்காந்து அவரைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்தறீங்க."

"அவருக்குச் சாதகமாக ஒரு சொல் நான் பேசியிருந்தால், ஏன் என்று எவரேனும் கேட்டிருப்பார்கள். இந்தச் சாவடியே கைவிடப்பட்டிருக்கும்." ஹாலோவேயின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. "ஒரு நல்ல சாட்சி கிடைத்தால், அவர் வேறு வழியைக் கண்டுபிடிப்பார் என்று நம்பினேன். நான் கண்டதைக் கூறுகிறேன். ஓடைக்கரையில் அவர்..."

"சொல்லாதீங்க."

பெட்டி அதை மொழிபெயர்க்கும் முன்பே அவள் கை உயர்ந்துவிட்டது. ஹாலோவே நிறுத்திக்கொண்டார்.

"கேட்டா என்னக்கா? எங்க பாக்கணும்னாவது தெரியும்ல" என்றான் சேவியர்.

"கேட்டுட்டா அப்புறம் நான் பாக்கறதெல்லாம் இவங்க சொன்னதாத்தான் தெரியும் தம்பி. இவங்க கண்ணை என் மூஞ்சில மாட்டிக்கிட்டு நான் கையெழுத்துப் போட முடியாது. மணி என்ன?"

"இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்குக்கா."

அங்கயற்கண்ணி கண்ணை மூடி யோசித்தாள். எழுமலைப் பக்கம் ஒரு பஞ்சாயத்துத் தேர்தல் அவளுக்கு நினைவு வந்தது. ஒரு தெரு ஓட்டு மொத்தத்தையும் விற்ற ஒருத்தன், எண்ணிக்கையன்று ஆளையே காணோம்; போனை அணைத்துவிட்டுத் திருச்செந்தூர் போய்விட்டிருந்தான். விற்காதவர்கள் விடிந்ததிலிருந்து கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். ஆறு தேர்தலிலும் அவள் கண்டது இதுதான்.

"ஓட்டை வித்தவன் எண்ணுற இடத்துல நிக்க மாட்டான்" என்றாள். "கடை வாசலுக்குப் போறேன். சாயங்காலம், எண்ணி முடிச்ச கையோட. நான் முன்ன பாத்தது கடைக்கு உள்ளதான். வாசலை யாரும் பாக்கலை."

"அவரு அங்க இல்லேன்னா?"

"இல்லைன்னு எழுதுவேன்."

இதைச் சொன்னபோது அவள் ஹாலோவேயைப் பார்த்துத்தான் சொன்னாள். அந்த அம்மாள் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து, தலையசைத்தார். அங்கயற்கண்ணி கவசத்தை மாட்டிக்கொண்டாள்.

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கடை வாசலில் நான்கு மரப்படி. எதிரே ஒரு பெரிய ஓக் மரம். அதனடியில் முப்பது பேரும், சில பெண்களும். முதலில் அவளுக்கு நீலக் கோட்டு தட்டுப்படவில்லை. ஒவ்வொரு முகமாகத் தேடினாள். பிறகு பார்த்தாள். கூட்டத்தில் இல்லை அவர். எல்லோரையும்விட முன்னால், கடையின் ஜன்னலை ஒட்டி, கண்ணாடியில் நெற்றி படும்படி நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே எழுத்தர் எழுந்து எண்ணிக்கையை வாசிப்பது தெரிந்தது. டைட்டஸின் தோள் அசைந்தது. ஏதோ தவறு, யாரோ தப்பாகப் படிக்கிறார்கள் என்பதுபோல ஜன்னலைத் தட்டினார். கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். மிஞ்சிய சீட்டு, மடிப்புக் கலையாதது. அதன் தலையில் இருந்த கழுகைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். உள்ளே ஒருவர் சிரித்தார்.

டைட்டஸ் திரும்பிப் பெண்கள் பக்கம் போனார். ஒல்லியான ஒருத்தியிடம் சீட்டைக் கொடுத்தார். எழுத்துக் கூட்டப் படித்தவள்போலும்; ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்தி, உதட்டை அசைத்துப் படித்தாள். இரண்டாவது பெயரிலேயே அவள் விரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கயற்கண்ணியும் பார்த்தாள். நடிப்பை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இது அதுவல்ல. தலையில் இடி விழுந்த மனிதன் அழக்கூடத் தோன்றாமல் நிற்பானே, அப்படி நின்றார்.

ஒளிந்துகொள்ள அவருக்கு அப்போதும் வழி இருந்தது. ஆனால் அவர் முப்பது பேரிடமும் போனார். ஒவ்வொருவர் முன்னாலும் அந்தச் சீட்டை விரித்துக் காட்டினார், படத்தையும் எழுத்தையும் தொட்டுத் தொட்டு. ஒரு கிழவர் காறித் துப்பினார். ஒருவன் சட்டையைப் பிடித்தான், பிறகு விட்டுவிட்டான். ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். மரத்தடியில் அந்தப் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

இரண்டு நிமிஷம் என்று காதில் சேவியரின் குரல் கேட்டது.

டைட்டஸ் கடைப் படியில் உட்கார்ந்தார். குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். ஒன்றைக் கழற்றினார், அடுத்ததைக் கழற்றினார். இரண்டின் கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டார். பிறகு வெறுங்காலோடு அந்தச் சேற்றுப் பாதையில் இறங்கினார். அங்கயற்கண்ணிக்குப் புரிந்துவிட்டது. வண்டியும் இல்லை, ஏற்றி வந்தவரும் இல்லை. ஏழு மைலும் வெறுங்காலில் வந்து, சாவடிக்குச் சற்று முன்னால் எங்கோ பூட்ஸ் மாட்டிக்கொண்ட மனிதர் இவர்.

காட்சி அணைந்தது.

அவள் கவசத்தைக் கழற்றினாள். நேராக மேசைக்குப் போய் எழுதினாள். ஜன்னல், மிஞ்சிய சீட்டு, படித்துக் காட்டிய பெண், முப்பது முகங்கள், பூட்ஸ். காறித் துப்பியதைக்கூட விடவில்லை. 'தலைவரும் ஏமாற்றப்பட்டார்' என்று கடைசி வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, சேவியரிடம் நீட்டினாள்.

சேவியர் அதை அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தான். "முப்பத்தொண்ணும் படத்துக்கு. கழுகு, பத்து ஓட்டு" என்றான். "இருநூறு வருஷச் சண்டைக்கா. பத்து ஓட்டு."

ஜெயித்தவரும் தோற்றவரும் எப்போதோ மண்ணாகிவிட்டார்கள். அங்கயற்கண்ணிக்கு அவர்கள் பெயர்கூட நினைவில் இல்லை.

"அந்தக் கல்லறையை இனி உள்ள மாத்துவாங்கள்ல?" என்று சேவியர் மெதுவாகக் கேட்டான்.

"கல்லறையை நகர்த்த வேண்டாம்" என்றது பெட்டி. "சுவரை நகர்த்தச் சொல்வேன்."

அங்கயற்கண்ணி நாற்காலியை இழுத்து ஹாலோவேக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். முத்திரை விழுந்தாயிற்று. இனி எதைக் கேட்டாலும் சாட்சி கெடாது. "இப்பச் சொல்லுங்கம்மா" என்றாள். "காலையில எப்படி இருந்தாரு?"

ஹாலோவே சொல்லத் தொடங்கினார். ஓடைக்கரையில் ஒருவன் சீட்டுக் கட்டைக் கொடுத்ததும், டைட்டஸ் எழுத்தைத் தொட்டுக் காட்டி அவனையே மூன்று முறை படிக்கவைத்ததும், அவன் மூன்று முறையும் சிரித்த முகத்தோடு படித்ததும். பிறகு டைட்டஸ் ஓடையில் இறங்கிக் காலைக் கழுவிக்கொண்டார். கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து பாதத்தை உலரவைத்துப் பூட்ஸ் மாட்டினார். எழுந்து நின்று, மற்றவர்களிடம் காலைத் தூக்கிக் காட்டினார். முப்பது பேரும் சிரித்தார்கள். அங்கிருந்து பாதையோரப் புல்மேலேயே கால்வைத்துச் சாவடிப் பக்கம் நடந்தார்.

அங்கயற்கண்ணி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் சில தெருக்களில் சில மனிதர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று இருந்தது. இந்த மனிதர் ஏழு மைல் பூட்ஸைத் தோளில் சுமந்து வந்தது, ஓட்டுப் பெட்டியின் முன்னால் போட்டுக்கொண்டு நிற்பதற்காக.

"அவர் அதை அணிந்துகொண்டதை நான் பார்த்தேன்" என்றார் ஹாலோவே. "கழற்றியதைத் தாங்கள் பார்த்தீர்கள். இனி எவரும் எதையும் பார்க்க இயலாது." அடுத்த கேள்வியை அவர் பெட்டியைக் கையால் மூடிக்கொண்டு, தடுமாறிய இரண்டு மூன்று தமிழ்ச் சொல்லில் தாமே கேட்டார். "போகும்போது... அவர்... தனியா?"

முப்பது பேரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனதை அவர் அறிக்கையில் படித்திருப்பார். அதில் எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அமர்வு முடியும் கடைசிச் சில நொடிகளில் கண்டது, வழக்குக்குத் தேவைப்படாதது.

"இல்லம்மா" என்றாள் அங்கயற்கண்ணி. "அந்தப் படிச்சுக் காட்டுன பொம்பள பின்னாடியே ஓடிப்போய் அவரு கூடச் சேந்துக்கிட்டாங்க. தோள்ல கெடந்த பூட்ஸ் முடிச்சை அவுத்து, ஒத்தைப் பூட்ஸை அவங்க வாங்கித் தூக்கிக்கிட்டாங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் நடந்து போனாங்க."